பல்நூற் பயிற்சியும் ஒருநெறி நிலையும்

ஒரு சமயநெறியைத் தனக்கு உறுதியெனக் கொண்ட ஒருவன் அந்நெறிக்குரிய நூல்களை மட்டும் ஓதி அமைதல் வேண்டுமோ, அன்றிப் பிற சமயத்தார் நூல்களையும் காவியங்களையும் வரலாறுகளையும் விரும்பிக் கற்றலும் தகுமோ என்பது நம்மனோர்க்குள் நெடுங்காலமாக நிகழும் ஒரு வினா. அஃது இக்காலத்து முன்னினும் பெரிதாயிற்று. என்னை? ஓர் ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதிக்கொள்ளத் திங்கள் பல வேண்டியிருந்த நாளில், ஒருவன் கற்கக்கூடிய நூல் இத்துணையென்பது தானே வரையறைப்பட்டிருந்தது. இக்காலத்திலோ கையடங்கிய கைப்பேசி ஒன்றிலேயே எல்லாச் சமயத்து நூல்களும் வந்து நிற்கின்றன. சைவநன்மக்கள் இல்லத்துப் பிள்ளைகள் காலையிற் பௌத்தத்தையும், மாலையில் மேனாட்டுத் தத்துவத்தையும், இரவிற் கல்வெட்டாராய்ச்சியையும் படிக்கின்றனர். பெற்றோர் அஞ்சுகின்றனர்; முதியோர் கடிகின்றனர். அவ்வச்சமும் கடிதலும் முறைதாமோ என்பதனை, நம் சந்தானாசாரியருள் ஒருவருடைய வரலாற்றையும் நூலையும் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

அவ்வாசாரியர் அருணந்தி சிவாசாரியர். விழுப்புரத்தினின்று கடலூர்க்குச் செல்லும் இருப்புப்பாதையில் திருத்துறையூர், பண்ணுருட்டி, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என ஊர்கள் அடுத்தடுத்து நிற்கும். இவற்றுள் திருத்துறையூரே அருணந்தியார் வாழ்ந்த பதி. பண்ணுருட்டியை அடுத்துள்ளது திருவதிகை. திருநாவுக்கரசர் சமணராய் இருந்து கற்ற பள்ளி திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட இச்சிறு நிலப்பரப்பு, ஒரு நூற்றாண்டிற்கு மட்டுமன்றிப் பல நூற்றாண்டுகட்குச் சமய நூல்கள் பலவும் ஓதவும் ஆராயவும் பட்ட களமாய் இருந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்து எழுதும் யாம் இவ்வினாவை எடுத்தற்கு இதுவும் ஒரு காரணம்.

கி. பி. 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தியார் ஆகமங்கள் அனைத்தும் ஓதியுணர்ந்தவராதல் பற்றிச் 'சகலாகம பண்டிதர்' எனப் பெயர்பெற்றவர். மெய்கண்டதேவர் குடும்பத்துக்குக் குலகுருவும் அவரே. திருவெண்ணெய்நல்லூரில் இளம் பிள்ளையாகிய மெய்கண்டார் மாணாக்கர் பலருக்கு ஞானநூல் உரைக்கின்றார் எனக் கேட்டு, அவரைக் காணச் சென்றார் பண்டிதர். ஆண்டு ஆணவமலத்தின் இயல்பு உரைக்கப்படுங்கால், அதன் வடிவம் யாதென அவர் வினவினார். மெய்கண்டார் விடை ஒன்றும் உரையாது, வினவியவரை அடிமுதல் முடிவரை நோக்கி இருந்தார். அந்நோக்கே விடையாயிற்று. தாம் வினவிய பொருளின் வடிவமாகத் தாமே நிற்றலை உணர்ந்த பண்டிதர், தம் குலத்து மாணாக்கராதற்குரிய அப்பிள்ளையின் அடியில் வீழ்ந்து வணங்கி அவர்க்கு மாணாக்கராயினார் என்பது வரலாறு.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நிறுத்திப் பல்நூற் பயிற்சி ஆணவத்தை வளர்ப்பது என முடித்துவிடுவர். அது பொருந்துமோ என நோக்குக. பல்நூற் பயிற்சியே குற்றமாயின், அருள்பெற்ற பின்னர் அருணந்தியார் அப்பயிற்சியைத் துறந்திருத்தல் வேண்டும். அவர் அங்ஙனம் செய்திலர். தம் ஆசிரியர் பன்னிரண்டு சூத்திரத்துள் அடக்கிய சிவஞானபோதத்துக்கு வழிநூலாகச் சிவஞானசித்தியாரை இயற்றினார். அதன் ஒரு பகுதியாகிய சுபக்கத்தில் தம் நெறியை விரித்தார். அதற்கு முன்னர்ப் பரபக்கம் என்னும் பகுதியை முந்நூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆக்கிப் பிறருடைய சமயங்களை எடுத்து ஆராய்ந்தார். ஆசிரியர் நோக்கால் அவரிடத்து அழிந்தது கல்வியைப் பற்றிநின்ற செருக்கே, கல்வி அழிந்திலது. செருக்கு நீங்கிய பின்னரே அக்கல்வி பிறர்க்குப் பயன்படுவதாயிற்று. எம் கட்டுரையின் கருத்து முழுதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கும்.

இனி, அப்பரபக்கத்தின் அமைப்பை நோக்குவாம். உலகாயதர், பௌத்தர் நால்வகையார், நிகண்டவாதி, ஆசீவகர், பட்டாசாரியர், பிரபாகரர், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியர், நிரீச்சுர சாங்கியர், பாஞ்சராத்திரி எனப் பதினான்கு கொள்கையார் அங்கு எடுக்கப்படுகின்றனர். ஒவ்வொருவர்க்கும் முதலில் அவர் மதம் கூறப்படும். அதன் பின்னரே மறுதலை கூறப்படும். மறுக்கப்படுவோன் தன் கொள்கையைத் தானே எடுத்துரைப்பானாயின் எங்ஙனம் உரைப்பானோ, அங்ஙனமே ஆசிரியர் அதனை முன்னர் உரைக்கின்றார். மறுக்கும் இடத்து அவர் சொல் சில பொழுது சுடும். நகைப்பும் அதனுள் உண்டு. ஆயினும் அச்சூடு மறுதலையின்கண் நிற்பதன்றி, மதம் கூறும் இடத்துட் புகுந்து அதனைத் திரித்தல் இல்லை. பௌத்தருள்ளேயே சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என நால்வரையும் வேறு வேறாகப் பிரித்தறிந்து கூறுதல், அவர் நூற்பொருளை ஊன்றி அறியாத ஒருவர்க்கு இயலுமோ? பௌத்தன் என்ற ஒரு பெயரால் அனைவரையும் கூட்டி இகழ்ந்துவிட்டு அமைதல் எளிது. ஆசிரியர் அவ்வெளிய வழியை மேற்கொண்டிலர்.

இதனால் விளைந்த பயன் ஆசிரியர்தாமும் எண்ணியிராததொன்று. ஆசீவகர் என்பார் ஒருகால் இந்நாடு முழுதும் பரவியிருந்தவர். இன்று அவர் வழியினர் எவரும் இலர். அவர்தம் மறைநூல்களும் முழுதும் இறந்துபட்டன. அவர் கொள்கை யாதென அறிய விரும்புவார், அவரை மறுத்தவர் நூல்களையே நாடவேண்டியவராயினர். பாசம் என்னும் மேனாட்டு வரலாற்றறிஞர் 1951இல் ஆசீவகர் வரலாறும் கோட்பாடும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபொழுது, தமிழில் அவர்க்குத் துணையாயின பௌத்த நூலாகிய மணிமேகலையும், சமண நூலாகிய நீலகேசியும், நம் சிவஞானசித்தியாருமேயாம். குண்டலகேசியின் நிலையும் இத்தகையதே. அப்பௌத்த காவியம் முழுதும் கிடைத்திலது. அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையும் தொகைநூலும் எடுத்துக்காட்டிய அளவிலேயே அதன் பகுதிகள் இன்று உளவாயின.

அன்பர்கள் இதனைச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். ஒரு சமயத்தார் மாய்ந்தொழிந்த பின்னர், அவர் இன்னது கூறினர் எனச் சொல்லும் சான்று அவரை மறுத்தவன் வாய்ச்சொல் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அவன் அச்சொல்லைத் திரித்திருப்பானாயின், இல்லை எனத் திருத்துதற்கு உலகில் ஒருவரும் இலர். ஆகலின் பிறர் கொள்கையை உள்ளவாறு அறிந்து உள்ளவாறு கூறுதல் புலமையின் அழகு மட்டும் அன்று. அது வாய்மை என்னும் அறத்தின்பாற்படும். நாம் இன்று ஒரு சமயத்தாரைப் பற்றிக் கூறும் சொல் எத்துணைக் காலம் நின்று யாருக்குச் சான்றாகும் என்பதை நாம் அறியோம். கல்லாது கூறும் ஒவ்வொரு பழிச்சொல்லும், தன்னைக் காத்துக்கொள்ள மாட்டாதான் ஒருவன்மேற் கூறும் பொய்ச்சான்றாதலும் கூடும்.

அற்றேல், பலவற்றையும் கற்பான் உள்ளம் ஒருமை நீங்கிச் சிதறாதோ எனின், சிதறுதலும் உண்டு; சிதறாமையும் உண்டு. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாமரத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். அதன் கிளைகள் நாற்புறமும் வெயில் உள்ள இடமெல்லாம் சென்று பரவும். கனியோ கிளைநுனியிற் காய்ப்பதில்லை. அடிமரத்தை ஒட்டியே பெரும்பாலும் தொங்கும். கிளை பரவிற்று என்று மரத்தைக் குறைகூறுவார் இலர். அக்கிளை கொணர்ந்த ஊட்டமே அடிமரத்திற் பழமாயிற்று. தன் நெறியில் வேரூன்றிய ஒருவன் பயிலும் பிறநூல்கள் அத்தகையன. வேரூன்றும் முன்னரே கிளையைப் பரப்பிய மரம் சிறுகாற்றுக்கும் சாயும் என்பதும் உண்மையே. ஆதலாலன்றோ நம் மடங்களில் நிகண்டு, இலக்கணம், இலக்கியம், தருக்கம், சாத்திரம் என்ற முறைவைத்துப் பயிற்றினர். அம்முறை பிறநூல்களை விலக்குதற்கு எழுந்ததன்று. எதனை எப்பொழுது கற்றல் வேண்டும் எனக் காட்டுதற்கு எழுந்தது. மாதவச் சிவஞான முனிவர் சித்தாந்தத்துக்கு மாபாடியம் வகுத்தவர். நையாயிக வைசேடிகர்க்குரிய தருக்க சங்கிரகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவரும் அவரே. பிறர் கருவி என்று அதனை அவர் ஒதுக்கினாரல்லர்.

இனி, இதனினும் வலிய தடை ஒன்று உண்டு. அநபாய சோழன் சமண காவியமாகிய சீவகசிந்தாமணியில் ஈடுபட்டிருந்தானாக, அமைச்சராகிய சேக்கிழார் அதனை விலக்கித் தொண்டர் வரலாற்றை அவனுக்கு உணர்த்தினார் என்று உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் கூறும். பிற சமயக் காவியம் கற்றல் தகாது என்பதற்கு இஃதன்றோ சான்று என்பர். இதனையும் முழுதும் நோக்குதல் வேண்டும். சிந்தாமணிக்கண் குறை யாதென அரசனுக்கு எடுத்துக்காட்ட வல்லார், அதனை அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். அவர் அந்நூலை எரிக்கச் சொன்னாரல்லர்; அதனை ஓதுவாரை ஒறுக்கச் சொன்னாரும் அல்லர். அரசன் உள்ளத்தைக் கவரத்தக்க வேறொரு பெருங்காவியத்தைத் தாமே பாடினார். சிந்தாமணியால் காவியத்துக்கு உரியதாய் நிலைபெற்ற விருத்தப்பாவிலேயே அதனைப் பாடினார். விலக்கற்பாலது எனக் கண்டதற்கு அவர் செய்த மாற்று, அதனினும் சிறந்ததொன்றை ஆக்குதலே ஆயிற்று. அதற்குரிய ஆற்றல் பல்நூற் பயிற்சி இல்லாதவர்க்கு வாராது.

சிந்தாமணியின் பிற்கால வரலாறும் இதற்குத் துணைநிற்கும். அதற்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஒப்பாமையின், அவர்தம் நூல்களைப் பயின்று மீட்டும் ஓர் உரை எழுதினார் என்பது வழிவழிக் கேள்வி. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் அந்நூலை ஆராயத் தொடங்கினார். அதன் சமயப்பொருள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். 1887இல் நூலை அச்சேற்றினார். பின்னர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தற்குப் பௌத்தத்தையும் அங்ஙனமே கற்றார். இவற்றால் அவர் திருநீறு அழிந்ததோ? சைவத்துக்கு இழப்பு நேர்ந்ததோ? தமிழ்க்கு உண்டாய ஆக்கமோ அளவிடற்கரிது.

காவியமும் தத்துவமும் ஒருபுறம் நிற்க, வரலாற்றுக் கல்வியை நோக்குவாம். திருநாவுக்கரசர் தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுரத்துச் சமணப்பள்ளியில் இருந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அத்தகையதொரு பள்ளி அங்கு உண்மையில் இருந்ததோ என ஐயுறுவார்க்கு நாம் காட்டத்தக்க சான்று எது? அச்சான்று ஒரு சமண நூலிலேயே இருக்கின்றது. லோகவிபாகம் என்பது சமணர் உலகமைப்புக் கூறும் நூல். அது சர்வநந்தி என்னும் முனிவரால் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனது 22ஆம் ஆட்சியாண்டில், சகம் 380இல், அஃதாவது கி. பி. 458இல் எழுதப்பட்டது என்னும் குறிப்பு, அதன் பிற்கால வடமொழி வடிவத்துட் காணப்படுகின்றது. அப்பாடலிகை திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நாவுக்கரசர்க்கு ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட முன்காலத்திலேயே அங்குச் சமண முனிவர் இருந்து நூல் செய்தனர் என்பது இதனாற் பெறப்படும். நம் புராணச் செய்திக்கு அரண் செய்வது நாம் தொடுதற்கும் அஞ்சிய பிறர் நூல்.

ஆயினும் வரலாறு நமக்கு இனியதை மட்டும் கூறுமோ? கூறாது. அரசன் மனம் மாறித் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்று புராணம் கூறும். குணபரன் என்பது மகேந்திரவர்மப் பல்லவன் பெயராதலும், அவன் வேறு நெறியினின்று நீங்கி இலிங்க வழிபாட்டிற் புகுந்தமையும் திருச்சிராப்பள்ளிக் குன்றின் கல்வெட்டால் அறியப்படும். இதனைக் கண்டு மகிழ்கின்றோம். அவ்வரசனே இயற்றிய மத்தவிலாசம் என்னும் வடமொழி நகைநாடகம் பௌத்தத் துறவியோடு காபாலிகனையும் பாசுபதனையும் சேர்த்தே நகையாடுகின்றது. அதனைக் கண்டு முகம் சுளிப்போமாயின், நாம் வரலாறு கற்றோமல்லேம். நமக்கு வேண்டிய சான்றைப் பொறுக்கினோம் ஆவோம். கல்வெட்டை உடன்பட்டவன் நாடகத்தையும் உடன்படுதல் வேண்டும். ஒரே வாயினின்று வந்த இரு சொல்லுள் இனியதை மெய்யென்றும் இன்னாததைப் பொய்யென்றும் கொள்ளுதல் நடுவுநிலை அன்று. காபாலத்தின் பெயரால் நிகழ்ந்த களியாட்டை ஓர் அரசன் நகைத்தமையால் சிவபெருமானுக்கு இழுக்கு உண்டாகாது. அதனை அறிய அஞ்சுதலே நம் பற்றின் மெலிவைக் காட்டும்.

அண்மைக்காலத்து இத்தகைய பரந்த பயிற்சிக்கு ஒருவரைக் காட்டுக எனின், 1876இல் நாகப்பட்டினத்திற் பிறந்து 1950இல் மறைந்த மறைமலையடிகளைக் காட்டுவோம். சித்தாந்தத்தைச் சோமசுந்தர நாயகரிடம் கேட்டுத் தெளிந்த அவர், காளிதாசனது சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். அடிசன் என்னும் ஆங்கிலப் புலவர் கட்டுரைகளைத் தமிழ்ப்படுத்தினார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை கண்டார். 1930இல் மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அறிதுயிலும் தொலைவிலுணர்தலும் உணவுமுறையும் அவர் ஆராய்ச்சிக்குப் பொருளாயின. அவர் வாங்கித் திரட்டிய நூல்கள் ஏறத்தாழ 4,000. அவற்றைக் கொண்டு அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் 1958இல் சென்னையில் திறக்கப்பட்டது. அவர் முடிபுகள் அனைத்தும் நமக்கு உடன்பாடாதல் வேண்டா. மாணிக்கவாசகர் காலம் பற்றி அவர் கொண்ட முடிபை மறுப்பார் பலர். ஆயின் அத்துணைப் பரந்த பயிற்சியும் அவரைச் சைவத்தினின்று பெயர்க்கவில்லை என்பது வெளிப்படை.

இங்ஙனமாயின் பல்நூற் பயிற்சியில் தீங்கே இல்லையோ எனின், உண்டு. அத்தீங்கு நூலின்கண் அன்றிக் கற்பான்கண் உள்ளது. எல்லா நூலையும் நுனிப்புல் மேய்ந்து, எதிலும் நில்லாது, எல்லாம் ஒன்றே என ஒரு சொல்லால் அனைத்தையும் மூடிவிடுவான் ஒருவன். அவன் வேற்றுமையை அறியும் உழைப்புக்கு அஞ்சியே ஒற்றுமை பேசுகின்றான். பிறர் நூலைத் திறந்தவுடன் பழிக்கத்தக்க ஒரு வரியைத் தேடி, அதனைப் பெற்றவுடன் நூலை மூடிவிடுவான் மற்றொருவன். முன்னையவன் யாதொன்றையும் மறுக்கமாட்டான்; பின்னையவன் யாதொன்றையும் கேட்கமாட்டான். இருவரும் நூலைத் தொட்டும் கல்லாதவரே. இவ்விருவரிடத்தும் நிற்பது ஒரே ஆணவம். ஆணவத்தின் இயல்பாவது உயிரின் அறிவை மறைத்துச் சிறுமைப்படுத்துதல் என்பது சித்தாந்தம். அறிவை விரியவொட்டாது தடுப்பது அம்மலமாயின், அஞ்சி நூலை மூடுதலும் அதன் செயலே. கற்றோம் என்று தருக்குதலும் அதன் செயலே. கற்கக் கற்கத் தன் அறியாமை தனக்குப் புலனாகுமாயின் அக்கல்வி மலத்தைத் தேய்க்கின்றது. கற்கக் கற்கப் பிறர் அறியாமையே புலனாகுமாயின் அது மலத்துக்கு உணவாகின்றது. ஒருவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதற்கு இவ்வளவே போதும்.

இன்று நம் பாடஞ்சொல்லும் முறையில் ஒரு குறை உளது. சித்தியாரைக் கற்பார் பலரும் சுபக்கத்தோடு அமைந்து பரபக்கத்தை விட்டுவிடுகின்றனர். அது கடினம் என்பதும், அம்மதத்தார் பலர் இன்று இலர் என்பதும் அதற்குக் கூறும் காரணங்கள். ஆசீவகர் இலர் என்பது உண்மை. உலகாயதர் இலரோ? வெற்றிலையும் பாக்கும் சுண்ணமும் கூடியவிடத்துச் செந்நிறம் தோன்றுமாறு பூதங்கள் கூடிய உடம்பில் அறிவு தோன்றும் என்று அன்று கூறினர். மூளையின் தொழிலே அறிவு என்று இன்று கூறுகின்றனர். சொல் வேறு, வினா பழையது. கல்லூரியில் அவ்வினாவைக் கேட்டு வரும் பிள்ளைக்கு, அதனை எண்ணூறு ஆண்டுகட்கு அணித்தாகவே நம் ஆசிரியர் ஒருவர் எடுத்து, அவர் வாயாலே உரைப்பித்து, பின்னர் விடை தந்தனர் என்று காட்டுவோமாயின், அப்பிள்ளை நம்மை விட்டு எங்கே செல்லும்? அதனைக் கேளாதே என்று வாய் அடைப்போமாயின், கேட்கும் இடத்தை நாடிச் செல்லும்.

ஆகலின், இளைஞர் கையிற் பிற நூலைக் கண்டவிடத்துப் பெற்றோர் அதனைப் பறித்தல் வேண்டா. நம் நூலை நன்கு கற்பித்திருக்கின்றோமா என்பதனை முன்னர்த் தம்மைத்தாமே வினவுக. பின்னர் அப்பிள்ளை கற்ற பிறர் கொள்கையை அப்பிறர் கூறுமாறே கூறச்செய்து, பொறுமையோடு முழுதும் கேட்க. கேட்ட பின்னர் மறுக்கத்தக்கது உளதாயின் மறுக்க. கொள்ளத்தக்கது உளதாயின் கொள்க. சகலாகம பண்டிதர் கற்றவற்றுள் ஒன்றையும் அவர் ஆசிரியர் பறித்துக்கொண்டிலர். ஒரு நோக்கினால் அவற்றின்மேற் படிந்திருந்த மாசை நீக்கினார். அந்நோக்கின் பயனே பரபக்கமும் சுபக்கமுமாக இன்று நம் கையில் உளது. ஒரு பாதியைப் படித்து மறுபாதியை மூடிவைத்தல் அப்பெருமானார் உழைப்புக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகாது என்பது எம் கருத்து. அறிவுடைய அன்பர்கள் ஆராய்ந்து கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.